பிரிவைப் பாட வயது வரம்பு உண்டா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "டெய்லர் ஸ்விஃப்ட் முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். இன்னமும் காதலன் வந்தான், போனான் என்றுதான் எழுதுகிறார். அடெலும் அப்படித்தான். பாப் பாடகர்கள் ஒரு வயதுக்கு மேல் இதிலிருந்து வெளியே வர வேண்டாமா? எழுத உலகத்தில் வேறு விஷயமே இல்லையா?"

கேள்வியில் இருக்கும் சலிப்பு எனக்குப் புரிகிறது. எனக்கும் அது வந்து போயிருக்கிறது. அதனால் என் முடிவை முதலிலேயே வைத்துவிட்டு, பிறகு காரணங்களைச் சொல்கிறேன். காதலையும் பிரிவையும் விட்டுவிட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஆனால் அந்தப் பாட்டுக்குள் பாடுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது வயதோடு மாற வேண்டும். இருபது வயதில் பிரிவைப் பற்றி எழுதும்போது நாம் எல்லோருமே ஏமாற்றப்பட்டவரின் நாற்காலியில்தான் உட்காருகிறோம். அறைக்குள் இரண்டே பேர்: நான், என்னை விட்டுப் போனவர். நாற்பதிலும் அதே நாற்காலி, அதே இரண்டு பேர் என்றால் கேட்கிறவருக்குச் சலிக்கத்தான் செய்யும். சலிப்பதற்குக் காரணம் அந்த நாற்காலி. பழியைக் காதலின் மேல் போட்டுவிடுகிறோம்.

இதை விளக்க 2021 நவம்பரைப் போல ஒரு மாதம் கிடைக்காது. அடுத்தடுத்த மூன்று வெள்ளிக்கிழமைகளில் மூன்று ஆல்பங்கள் வந்தன. 5ஆம் தேதி ஸ்வீடனின் ஆபா குழு நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வெளியிட்ட 'வாயேஜ்'. 12ஆம் தேதி, டெய்லர் ஸ்விஃப்ட் தன் 2012 ஆல்பமான 'ரெட்'டை முழுக்க மறுபடி பாடிப் பதிந்த புதிய பதிப்பு. 19ஆம் தேதி அடெலின் '30'. மூன்றிலும் பிரிவைப் பற்றிய பாட்டுதான் எல்லோரும் பேசிய பாட்டு, அல்லது பேசியிருக்க வேண்டிய பாட்டு. ஸ்விஃப்டுக்கு அப்போது 31 வயது, அடெலுக்கு 33. ஆபாக்காரர்கள் எழுபதைத் தாண்டியவர்கள்.

ஆபாவிலிருந்து தொடங்குகிறேன். தூரம் அதிகம் அங்கேதான். குழுவில் நால்வர், இரண்டு தம்பதிகள். அதில் பியோர்ன் உல்வேயஸும் அக்னெத்தா ஃபெல்ட்ஸ்கோகும் 1979 தொடக்கத்தில் பிரிவதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு 'த வின்னர் டேக்ஸ் இட் ஆல்' வந்தது. வரிகளை எழுதியவர் கணவராக இருந்த பியோர்ன். பாடியவர் மனைவியாக இருந்த அக்னெத்தா. கைவிடப்பட்ட பெண்ணின் வாயில் அவர் சொற்களை வைத்தார். அவரை மணந்து பிரிந்த பெண்ணே மைக் முன்னால் நின்று அதைப் பாடினார். எங்கள் பிரிவில் ஜெயித்தவரும் இல்லை, தோற்றவரும் இல்லை, பாட்டின் கதை எங்கள் கதை இல்லை என்று பியோர்ன் பிறகு சொல்லியிருக்கிறார். அதை நம்பலாம். ஆனால் அந்தக் குரலில் இருக்கும் வலி கற்பனை இல்லை.

பாட்டு முழுக்கச் சூதாட்ட மேசைதான். சீட்டு, பகடை, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறவன், ஓரமாக ஒதுங்கி நிற்கிறவள். தன் இடத்துக்கு வந்துவிட்ட புதியவளைப் பற்றிக் கேட்கக் கூடாத ஒரு கேள்வியையும் அவள் கேட்டுவிடுகிறாள். அக்னெத்தாவுக்கு அப்போது முப்பது வயது. பியோர்னுக்கும் அவருக்கும் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். பாட்டில் அந்தக் குழந்தைகள் இல்லை. இருக்கவும் முடியாது, ஜெயித்தவர், தோற்றவர் என்று கணக்குப் போடும் மேசையில் பிள்ளைகளுக்கு இடம் ஏது?

41 ஆண்டு கழித்து வந்த 'வாயேஜ்' ஆல்பத்தில் 'கீப் அன் ஐ ஆன் டேன்' என்று ஒரு பாட்டு. எழுதியவர்கள் அதே பியோர்னும் குழுவில் இன்னொருவரான பென்னியும். கதை சின்னது. விவாகரத்தான ஒரு தாய் வார இறுதிக்கு மகன் டேனை அவன் அப்பா வீட்டில் கொண்டுவந்து விடுகிறாள். பையன் மேல் ஒரு கண் வைத்துக்கொள், கண்டிக்காவிட்டால் கைமீறிப் போவான், ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன். இவ்வளவுதான் பேச்சு. அழுகையை அடக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும், அதுவும் பையன் பார்க்காமல். யார் ஜெயித்தார் என்று இந்தப் பாட்டில் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கெல்லாம் நேரம் இல்லை. பையனின் சாமான்களை எடுத்து வைத்தோமா என்பதுதான் அந்த நிமிடத்தின் கவலையாக இருக்கும் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

பாட்டு முடியும் இடத்தில் பியானோவில் ஒரு சிறு மெட்டு வருகிறது. 1975இல் வந்த அவர்களுடைய 'எஸ்ஓஎஸ்' பாட்டின் தொடக்க மெட்டு அது. நம் காதலுக்கு என்ன ஆயிற்று, கூப்பிடுவது காதில் விழவில்லையா என்று இளம் வயதில் பதறிய பாட்டு. முதல் தடவை கேட்டபோது நான் இதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் தடவை ஹெட்போன் போட்டுக் கேட்டபோது அந்த நான்கைந்து சுரங்கள் காதில் விழுந்தன, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காரில் தனியாக இருக்கும் ஒரு தாய்க்கு என்றோ கேட்ட பாட்டு மனதில் ஓடுவதுபோல இருந்தது. பொருள் பிரிவுதான். 1980இல் எழுதிய அதே பிரிவு. எழுதியவர்கள் நகர்ந்துவிட்டார்கள்.

அடெலின் கதை இன்னும் நேரானது. 2011இல் வந்த '21' உலகெங்கும் மூன்று கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆல்பம். அதில் யார் துரோகம் செய்தார் என்பதில் கேட்கிறவருக்குச் சந்தேகமே வராது. '30'இல் நிலைமை வேறு. இந்த முறை திருமணத்தை விட்டு வெளியே வந்தவர் அவரே. 'மை லிட்டில் லவ்' என்ற பாட்டின் நடுநடுவே அவரும் சிறுவனான மகனும் வீட்டில் பேசிக்கொண்ட ஒலிப்பதிவுகள் வருகின்றன. அம்மாவுக்கு மனசு சரியில்லை, குழப்பமாக இருக்கிறது, என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை என்று பிள்ளையிடம் ஒப்புக்கொள்ளும் குரல். பாட்டு ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. ரேடியோவுக்கு ஏற்ற நீளமும் இல்லை, கூடச் சேர்ந்து பாட ஏற்ற பல்லவியும் இல்லை. மகன் வளர்ந்த பிறகு கேட்டுப் புரிந்துகொள்ளட்டும் என்றே இந்த ஆல்பத்தைச் செய்ததாக அடெல் சொன்னார். '21' தன்னை விட்டுப் போனவனைப் பார்த்துப் பாடியது. '30' தான் பதில் சொல்ல வேண்டிய ஒருவனைப் பார்த்துப் பாடியது. பத்தே ஆண்டில் ஒரு பாடகர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். இதை "இன்னும் பிரிவைத்தான் பாடுகிறார்" என்று ஒரே வரியில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இனி ஸ்விஃப்ட். கேள்வியின் மையமே அவர்தான். 'ஆல் டூ வெல்' பாட்டு 2012இல் வந்தபோது ஐந்தரை நிமிடம். அதற்கு முந்தைய ஆண்டு ஒத்திகை மேடையில் ஒரே கிடார் சுற்றைத் திரும்பத் திரும்ப வாசித்தபடி வாய்க்கு வந்ததைப் பாடிக்கொண்டே போனதில் பிறந்தது, பத்து நிமிடத்துக்கு மேல் நீண்டது, பிறகு லிஸ் ரோஸ் என்ற பாடலாசிரியருடன் சேர்ந்து சுருக்கப்பட்டது. 2021இல் சுருக்காத வடிவத்தை வெளியிட்டார். 10 நிமிடம் 13 விநாடி. அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டுகளிலேயே நீளமானது அதுதான். அதற்கு முன் அந்தப் பெருமை 1972இல் முதலிடத்துக்கு வந்த, எட்டரை நிமிடப் பாட்டான 'அமெரிக்கன் பை'யிடம் இருந்தது.

என் அக்கா மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அந்த வாரம் முழுக்க இந்தப் பாட்டுதான். "மாமா, பிறந்தநாளுக்குக்கூட வரல மாமா அவன்" என்றாள், ஏதோ அவள் தோழிக்கே நடந்துவிட்டது போல. நீண்ட வடிவத்தில் ஒரு காட்சி இருக்கிறது. இருபத்தோராவது பிறந்தநாள். வருவான் வருவான் என்று பெண் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாசலைப் பார்க்கும் அவளை அவள் அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார். இருபத்தொன்று ஆவது சந்தோஷமான விஷயமாக அல்லவா இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்கிறார். அக்கா மகளுக்கு வராத பையன் தெரிந்தான். மகளைப் பெற்ற எனக்கு அந்த அப்பா தெரிந்தார். நாங்கள் இருவரும் ஒரே பாட்டைத்தான் கேட்டோம்.

2012 வடிவத்தில் அந்த அப்பா இல்லை. வரிகள் எழுதப்பட்டது எப்போதாக இருந்தாலும், 22 வயதில் வெளியே நிறுத்திவைத்த அப்பாவை 31 வயதில் உள்ளே அழைத்து உட்காரவைத்திருக்கிறார். மூன்று வெள்ளிக்கிழமைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மூன்று பாட்டிலும் மூன்றாவது ஆள் ஒருவர் அறைக்குள் வந்துவிட்டார். ஒன்றில் டேன், ஒன்றில் மகன், ஒன்றில் அப்பா. ஒரு பிரிவுப் பாட்டு வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல சோதனை இதுதான்: இந்தப் பிரிவு நடக்கும்போது பக்கத்து அறையில் யார் இருந்தார்கள் என்று பாட்டுக்குத் தெரிகிறதா?

ஸ்விஃப்ட் இதில் இன்னொரு காரியமும் செய்திருக்கிறார். 2020 ஊரடங்கில் எழுதிய 'ஃபோக்லோர்' ஆல்பத்தில் மூன்று பாட்டுகள் ஒரே பள்ளிக்கூடக் காதல் முக்கோணத்தைப் பற்றியவை. ஒன்றை ஏமாற்றப்பட்ட பெண் பாடுகிறாள். ஒன்றை, கோடை விடுமுறையோடு கைவிடப்பட்ட இன்னொரு பெண். மூன்றாவதை ஏமாற்றிய பதினேழு வயதுப் பையன் பாடுகிறான், வாசலில் வந்து நின்று, மன்னிப்பாளா என்று தெரியாமல். மூவருமே கற்பனைப் பாத்திரங்கள். முப்பது வயதுப் பாடகி ஏமாற்றியவனின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார். தலைப்பு காதல்தான். அதற்காக இது பழைய பாட்டே என்று சொல்வீர்களா?

"வளர்ந்து வெளியே வர வேண்டும்" என்ற பேச்சுக்கு அடியில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. கீழ்ப்படியில் காதல், மேல்படியில் சமூகம், போர், மரணம், கடவுள். பாடகர் ஏறிக்கொண்டே போக வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நடந்த வரலாறோ இந்தப் படிக்கட்டுக்கு ஒத்துவருவதில்லை. மார்வின் கே 1971இல் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வெளியிட்டார். வியட்நாம் போர், வறுமை, நஞ்சாகும் காற்றும் நீரும் அதில் இருந்தன. அவருடைய மோட்டவுன் நிறுவனத்தின் தலைவர் பெர்ரி கோர்டிக்கு அந்தப் பாட்டில் விருப்பமே இல்லை, பாடகர் பிடிவாதமாக நின்று வெளியிட்டார். படிக்கட்டுக் கணக்குப்படி மார்வின் கே உச்சிக்குப் போய்விட்டார். ஏழு ஆண்டு கழித்து, 1978இல், அவர் வெளியிட்டது 'ஹியர், மை டியர்'. இரட்டை ஆல்பம், அதன் மையம் அவருடைய விவாகரத்து. அதை எழுதவைத்ததே விவாகரத்து ஒப்பந்தம்தான்: ஆல்பத்தில் வரும் பணம் பிரிந்த மனைவி அன்னாவுக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு. அன்னா அதே பெர்ரி கோர்டியின் அக்கா. ஜீவனாம்சம் கட்டுவதற்காக, அந்தத் திருமணத்தைப் பற்றியே, அந்தக் குடும்பத்தின் நிறுவனத்துக்கே பாடிக் கொடுத்தார். வந்தபோது விற்கவும் இல்லை, விமர்சகர்கள் மதிக்கவும் இல்லை. இன்று அவருடைய ஆகச் சிறந்தவற்றில் ஒன்றாக அதை வைக்கிறார்கள். ஒரே ஆள் ஒரே ஆல்பத்துக்குள் மனைவியைத் திட்டுகிறார், கெஞ்சுகிறார், வக்கீல் செலவைக் கணக்குப் பார்க்கிறார், தன் தப்பைத் தானே ஒப்புக்கொள்கிறார். போரைப் பற்றி எழுதியதைவிட இதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பாப் டிலனும் அப்படித்தான். 1963இல் எதிர்ப்புப் பாடல்களின் குரலாக இருந்தவர். 1975இல், 33 வயதில், திருமணம் ஆட்டம் கண்டிருந்த நேரத்தில் 'பிளட் ஆன் த டிராக்ஸ்' வந்தது, அதுவும் பிரிவுதான். தொழிலாளிகளையும் போரிலிருந்து திரும்பியவனையும் பாடிய புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், 1987இல் 'டனல் ஆஃப் லவ்'வில் கணவன் மனைவிக்கு நடுவே இருக்கும் சந்தேகத்துக்கு வந்தார். இந்த இரண்டையும் விமர்சகர்கள் முதிர்ச்சி என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஓர் ஆண் உலக விவகாரத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பினால் முதிர்ச்சி, ஒரு பெண் வீட்டைப் பற்றியே பத்து ஆண்டு எழுதிவந்தால் டைரி என்று இரண்டு தராசு வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆண்களை யாருமே கேட்டதில்லை என்று சொல்ல மாட்டேன். பால் மெக்கார்ட்னியைக் கேட்டார்கள், காதல் பாட்டைத் தவிர வேறென்ன தெரியும் உனக்கு என்று. அந்தக் கேள்வியையே 1976இல் 'சில்லி லவ் சாங்ஸ்' என்று பாட்டாக்கினார். அந்த ஆண்டு அமெரிக்காவின் முதல் பாட்டு அதுதான். பிறகு 1982இல், சுட்டுக் கொல்லப்பட்ட தன் நண்பர் ஜான் லெனனுக்காக 'ஹியர் டுடே' எழுதினார். நண்பனை இழந்த துக்கத்தைச் சொல்ல அவரிடம் இருந்த மொழி, இருபது ஆண்டாகக் காதல் பாட்டு எழுதிப் பழகிய அதே மொழி. அது போதுமானதாக இருந்தது.

இதை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "காதல் பாட்டு" என்று நாம் எண்ணுவதில் பல, காதலைப் பற்றியவையே இல்லை. 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டை விட்னி ஹூஸ்டன் 1992இல் பாடி அமெரிக்காவில் 14 வாரம் முதலிடத்தில் வைத்தார். அதை எழுதியவர் டாலி பார்டன், 1973இல். போர்ட்டர் வாகனர் என்பவரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஏழு ஆண்டு பாடிவந்த டாலி, தனியே தொழில் செய்யப் போக விரும்பினார். முதலாளி விடுவதாக இல்லை. பேசிப் பார்த்தும் பயனில்லாமல் அந்தப் பாட்டை எழுதி அவரிடம் பாடிக்காட்டினார். அதாவது அது ஒரு ராஜினாமா. உலகத்துக்குப் பெரிய காதல் பிரிவாகத் தெரிந்த பாட்டு, வேலையை விட்டுப் போகும் ஒரு பெண், தனக்கு வழி காட்டியவரைக் காயப்படுத்தாமல் சொன்ன விடை. ஸ்விஃப்டும் தன் முதல் ஆறு ஆல்பங்களின் மூலப் பதிவுகள் 2019இல் கைமாறியபோது, பதினைந்து ஆண்டு நம்பிய தொழில் உறவு முறிந்ததை எழுத விவாகரத்தின் சொற்களையே எடுத்துக்கொண்டார். நமக்கு இது புதிதில்லை. பெருமாளிடம் பேசுவதற்கு நம்மாழ்வார் எடுத்துக்கொண்டது பிரிவில் வாடும் தலைவியின் குரலைத்தானே. ஒருவரை விட்டு ஒருவர் போவதைச் சொல்ல மனிதர்கள் அதிகம் பழக்கிவைத்திருக்கும் மொழி காதலின் மொழிதான். அதைக் கைவிடச் சொன்னால் நண்பனின் சாவையும் வேலை போனதையும் சொல்லும் வழியும் சேர்ந்து போய்விடும்.

இப்போது கேள்வி கேட்டவர் பக்கம் இருக்கும் நியாயம். அது சின்னதில்லை.

தமிழ்ச் சினிமாப் பாட்டில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 1994இல் 'காதலன்' படத்துக்கு 'முக்காலா' எழுதியபோது வாலி அறுபதைத் தாண்டியவர். இந்த வயதில் காதல் பாட்டு ஏன் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எழுதியவர் ஒருவர், பாடியவர் இன்னொருவர், வாயசைத்தவர் மூன்றாமவர். அந்தக் காதல் யாருடைய சொந்தக் கதையும் இல்லை. அமெரிக்காவிலும் 1960கள் வரை பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. எழுதுகிறவர்கள் தனி, பாடுகிறவர்கள் தனி. 1971இல் ஜோனி மிட்செலின் 'புளூ', கேரோல் கிங்கின் 'டேபஸ்ட்ரி' போன்றவை வந்த காலத்தில் ஒரு புது ஒப்பந்தம் உறுதியானது: பாடுகிறவரே எழுதியவர், எழுதியது அவர் வாழ்க்கை. கேட்கிறவர் அதை நம்பிக் காசு கொடுக்கிறார். அந்த ஒப்பந்தம் பெரிய கலையைக் கொடுத்தது. கூடவே, இது யாரைப் பற்றிய பாட்டு என்ற துப்பறிதலையும் கொண்டுவந்தது.

ஸ்விஃப்ட் அந்தத் துப்பறிதலுக்குத் தானே தீனி போட்டவர். 2006இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து 2014இன் '1989' வரை, கூட வரும் சிறு புத்தகத்தில் பாடல் வரிகளுக்கு நடுவே அங்கங்கே சில எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தாக அச்சிட்டிருப்பார்கள். கூட்டிப் படித்தால் ரகசியச் செய்தி கிடைக்கும். ரசிகர்கள் அதை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள். பதினாறு வயதில் அது விளையாட்டு. ஆனால் பாட்டு ஒரு துப்புச் சீட்டாகிவிட்டால், கேட்கிறவர் தன்னைப் பாட்டுக்குள் வைத்துப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். வேறொருவனைப் பிடித்து உள்ளே வைக்கிறார். அப்படிப் பிடிக்கப்பட்டவர்களும் மனிதர்கள்தான், அவர்களுக்கும் வீடு, அம்மா, அப்பா உண்டு.

தொல்காப்பியம் இந்த இடத்தில் ஒரு விதி வைத்திருக்கிறது. அகப்பாட்டில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது. விதி எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு நெடுநல்வாடை சாட்சி. வாடைக்காலத்தில் போர்ப் பாசறையில் இருக்கும் அரசன், அரண்மனையில் உறக்கமில்லாத அரசி. பிரிவு பற்றி 188 அடிகள். எல்லா வகையிலும் அகம். ஆனால் அரசன் பாசறையில் நடக்கும் காட்சியில் வேம்பு சூட்டிய வேல் ஒன்று வந்துவிடுகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளம். ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, ஆகவே இது புறம் என்றார் நச்சினார்க்கினியர். பள்ளியில் படித்தபோது இது வறட்டுப் பிடிவாதமாகப் பட்டது. இந்தப் பாப் ஆல்பங்களைக் கேட்டு, அவற்றைச் சுற்றி நடக்கும் ஆள் தேடலையும் பார்த்த பிறகு, பெயர் வந்தால் பாட்டு வேறு சரக்காகிவிடும் என்று அந்த இலக்கணக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். ஸ்விஃப்ட் போன்றவர்கள் ஒன்றைக் கடந்து வர வேண்டும் என்றால் இதைத்தான் கடக்க வேண்டும். காதல் இருக்கட்டும், வேப்பம்பூவைக் கழற்றி வைத்துவிடலாம்.

2024 ஏப்ரலில் 31 பாட்டுகளோடு வந்த 'த டார்ச்சர்ட் பொயட்ஸ் டிபார்ட்மென்ட்' எனக்கு ஏமாற்றமாக இருந்தது இதனால்தான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. நல்ல பாட்டுகள் இல்லாமல் இல்லை. ஆனால் பல பாட்டுகளில் அறைக்குள் மறுபடியும் இரண்டே பேர், அந்த இன்னொருவர் யார் என்று வெளியே ஊரே பேசிக்கொண்டிருந்தது. ஏமாற்றிய பையனாக உட்கார்ந்து பார்க்கத் தெரிந்தவர் பழைய நாற்காலிக்குத் திரும்பியதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

காதலை விட்டு வெளியே போய் நன்றாக எழுதியவர்களும் இருக்கிறார்கள். கேட் புஷ் 2005இல் 'ஏரியல்' ஆல்பத்தில் வாஷிங் மெஷினில் துணி சுற்றுவதைப் பற்றி ஒரு பாட்டு பாடினார், மகனைப் பற்றி ஒன்று, பை என்ற கணித எண்ணின் இலக்கங்களை வரிசையாக ஒப்பித்து ஒன்று. அற்புதமானவை. அவருக்கு அந்த வழி இயல்பாக வந்தது. அதையே எல்லோருக்கும் கட்டளையாக்கினால் ஆளுக்கொரு சமூகப் பாட்டு கிடைக்கும், மனதில் இல்லாததை எழுதிய பாட்டு. அதைக் கேட்பதற்கு நேர்மையான பிரிவுப் பாட்டு எவ்வளவோ மேல்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பாடகருக்கு வயதாகிறது, ஆனால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சில கோடிப் பேருக்குப் பதினாறு வயதாகிறது. அவர்களுக்கு முதல் பிரிவு வரும்போது எங்கேயாவது ஒரு பாட்டு தயாராக இருக்க வேண்டும். அது முப்பது வயதுக்காரர் எழுதியதாக இருந்தால், அழும் பெண்ணுக்குப் பின்னால் ஓர் அப்பாவும் நிற்பார். 2023 மார்ச்சிலிருந்து 2024 டிசம்பர் வரை நடந்த சுற்றுப்பயணத்தில் 149 நிகழ்ச்சிகள். ஒவ்வோர் இரவும் அந்தப் பத்து நிமிடப் பாட்டை முழுதாகப் பாடினார் ஸ்விஃப்ட். அம்மாவும் மகளுமாக வந்து சேர்ந்து பாடியவர்கள் ஏராளம். இருவரும் ஒரே வரிக்கு அழுதிருக்க மாட்டார்கள்.

கடைசியாக, கேள்வி கேட்டவர் நேரம் கிடைக்கும்போது ஒரு காரியம் செய்து பார்க்க வேண்டும். ஜோனி மிட்செலின் 'போத் சைட்ஸ் நவ்' பாட்டை, அவரே பாடிய இரண்டு பதிவுகளில் அடுத்தடுத்துக் கேளுங்கள். 1967இல், 23 வயதில், விமானத்தில் போகும்போது ஜன்னல் வழியே மேகங்களை மேலிருந்து பார்த்து எழுத ஆரம்பித்தார். மூன்று பகுதிகள். முதலில் மேகம், பிறகு காதல், பிறகு வாழ்க்கை. ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமிருந்தும் பார்த்துவிட்டேன், ஆனாலும் எனக்கு அது பிடிபடவில்லை என்பது சாரம். 1969 பதிவில் ஒரு கிடாரும் குரலும் மட்டும். குரல் உச்சத்தில் பறக்கிறது, பறவைக்கு இருக்கும் லேசு அதில் இருக்கிறது. இருபத்து மூன்று வயதுக்கு வாழ்க்கையின் எந்த இரண்டு பக்கம் தெரியும் என்று கேட்கத் தோன்றும், கேட்டவர்களும் உண்டு.

2000ஆம் ஆண்டுப் பதிவில் அவருக்கு 56 வயது. பின்னால் பெரிய இசைக்குழு, வின்ஸ் மெண்டோசா அமைத்த இசை, முதல் சொல் வருவதற்கே காத்திருக்க வேண்டும். பல ஆண்டுப் புகைப்பழக்கத்தில் குரல் இறங்கிக் கரகரத்திருக்கிறது. பழைய பதிவில் தாவிப்போன இடங்களில் இப்போது நின்று நின்று போகிறார். காதல் பகுதியில், மனதில் இருப்பதை வெளியே காட்டிவிடாதே என்று தனக்கே சொல்லிக்கொள்ளும் இடம் வருகிறது. 1969இல் அது ஒரு புத்திசாலிப் பெண்ணின் சொல்லாக இருந்தது. இதில் அப்படிக் காட்டிக்கொண்டதற்கு விலை கொடுத்தவரின் சொல்லாக இருக்கிறது. ஓர் இடத்திலும் அழுத்தமில்லை, அவசரமில்லை.

2015இல் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. நடக்க, பேச, பாட எல்லாவற்றையும் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரி 4ஆம் தேதி, 80 வயதில், கிராமி விழா மேடையில் முதன்முறையாகப் பாடினார். பெரிய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த தடியைத் தாளத்துக்குத் தட்டிக்கொண்டு, மேகம், காதல், வாழ்க்கை என்று 23 வயதில் எழுதிய அதே வரிசையில்.